டெலிபோன் கம்பியைப் பிணையாக்கலாமா?

கடன் கொடுத்தவனுக்கு அதை வசூலிக்க உரிமை உண்டு. அந்த உரிமையை மறுப்பவர் எவருமில்லை. ஆனால் எதைப் பறித்து வசூலிக்கலாம், எதைத் தொடலாகாது என்பதற்கு நாகரிகமுள்ள சட்டம் எதுவாயினும் ஓர் எல்லை வகுத்தே வைத்திருக்கிறது. நம் தேசத்துச் சிவில் நடைமுறைச் சட்டம், கடன்பட்டவன் உடுத்தும் துணியையும், சமைக்கும் பாத்திரங்களையும், படுக்கையையும், கைத்தொழிலாளியாயின் அவனுடைய கருவிகளையும், உழவனாயின் அவனுடைய விவசாய சாதனங்களையும் ஜப்தியிலிருந்து தன் 60ஆம் பிரிவில் விலக்கி வைத்திருக்கிறது. ஏழையிடம் கொண்ட இரக்கம் இதற்கு ஒரு காரணமாகலாம். கருவியை இழந்தவன் கடனை அடைக்கும் சக்தியையும் சேர்த்தே இழந்துவிடுகிறான் என்ற விவகார ஞானம் மற்றொரு காரணம். இந்த ஞானம் டெலிபோன் விஷயத்தில் எவ்வளவு தாமதமாக உதித்தது, உதித்த பிறகும் எத்தனை இடங்களில் தடுக்கப்பட்டது என்பதை அறிய விரும்புவோர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கடந்த நாற்பதாண்டு டெலிபோன் சரித்திரத்தைச் சிறிது கவனித்துப் பார்க்க வேண்டும்.

அங்கே எழுந்த கேள்வி மிகவும் எளிமையானது. ஒரு வீட்டுக்காரர் தம் உள்ளூர் டெலிபோன் சந்தாவைச் செலுத்திவிட்டார். ஆனால் வேறொரு கம்பெனிக்குரிய நெடுந்தூர அழைப்புக் கட்டணத்தையோ, அவர் கேட்டோ கேளாமலோ பில்லில் ஏறிவிட்ட வேறு ஏதோ ஒரு கட்டணத்தையோ செலுத்தவில்லை. அந்தப் பாக்கிக்காக அவர் வீட்டு டெலிபோனையே ஊமையாக்கிவிடலாமா? மளிகைக் கடைப் பாக்கிக்காகத் தெருக்குழாயை அடைப்பது நியாயமாகுமாயின் இதுவும் நியாயமாகும். ஆயினும் பல மாநிலங்களில் பல ஆண்டுகள் அதுவே வழக்கமாயிருந்தது.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்க வீடொன்றுக்கு மாதந்தோறும் தபாலில் வந்த பில்லைக் கையில் எடுத்துப் பார்ப்போம். மேல்தாளில் உள்ளூர்க் கம்பெனியின் பெயர், பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி, தடித்த எழுத்தில் மொத்தத் தொகை. அடுத்த தாளில் உள்ளூர்ச் சேவையின் மாதச் சந்தா, வரிகள், 911 என்னும் அவசர உதவி எண்ணுக்கான சிறு கட்டணம், கால் வெயிட்டிங் போன்ற கூடுதல் வசதிகளுக்கான தொகை. அதற்கடுத்த தாளின் தலைப்பில் ஏ.டி.அண்ட்.டி., எம்.சி.ஐ., ஸ்பிரிண்ட் என்று வேறொரு கம்பெனியின் பெயர் நிற்கும். தேதி, நேரம், அழைத்த ஊர், பேசிய நிமிஷம், கட்டணம் என்று வரிவரியாக நெடுந்தூர அழைப்புகள் இறங்கும். அதற்கும் பின்னே, ஜோசியம் சொல்வதாகவும் பரிசு தருவதாகவும் விளம்பரம் செய்து ஜனங்களை அழைக்கவைத்த 900 எண்களின் கட்டணம் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். நான்கைந்து வியாபாரிகளின் கணக்கு. ஆனால் கூட்டுத்தொகை ஒன்று, கடைசித் தேதி ஒன்று, தவறினால் கிடைக்கும் தண்டனையும் ஒன்று.

உள்ளூர்ச் சந்தா 18 டாலர், நெடுந்தூரக் கட்டணம் 110 டாலர், 900 எண் கட்டணம் 30 டாலர் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். அந்த வீட்டு அம்மாளிடம் அந்த மாதம் 40 டாலர்தான் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கட்டிவிடுகிறாள். உள்ளூர்ச் சந்தாவைப் போல் இருமடங்குக்கும் மேலான தொகை அது. இருந்தும், கம்பெனியின் கணக்குப் புத்தகம் அந்த 40 டாலரை மொத்தத்தில் கழித்து, 118 டாலர் பாக்கி என்று எழுதுகிறது, நோட்டீஸ் வருகிறது, கெடு முடிந்ததும் ரிஸீவரை எடுத்தால் டயல் டோன் இல்லை. மறுபடி இணைப்புப் பெற வேண்டுமானால் பாக்கி முழுவதையும் கட்டி, மறு இணைப்புக் கட்டணம் கட்டி, பெரும்பாலும் ஒரு டெபாசிட் தொகையும் கட்டியாக வேண்டும். 118 டாலர் கட்ட முடியாமல் இணைப்பை இழந்தவளிடம் அதைவிடப் பெரிய தொகையைக் கேட்பது, இனி உனக்கு டெலிபோன் இல்லை என்று சொல்வதற்குச் சமானம்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதை அறிந்தால்தான் இதன் அநியாயம் முழுமையாக விளங்கும். நெடுங்காலம் அமெரிக்காவில் உள்ளூர், நெடுந்தூரம் இரண்டும் பெரும்பாலும் பெல் ஸ்தாபனம் என்ற ஒரே குடும்பத்தின் கையில் இருந்தன. 1934ஆம் வருஷத்துத் தகவல் தொடர்புச் சட்டம், நியாயமான கட்டணத்தில் நாட்டின் சகல ஜனங்களுக்கும் தொடர்பு வசதி கிடைக்கச் செய்வதைத் தன் லட்சியமாக முகப்பிலேயே கூறியது. பிறகு, நீதிபதி ஹெரால்ட் கிரீன் மேற்பார்வையில் நிறைவேறிய உடன்பாட்டின்படி 1984 ஜனவரி 1 அன்று அந்தப் பெருங்குடும்பம் பிரிக்கப்பட்டது. நெடுந்தூரச் சேவை ஏ.டி.அண்ட்.டி.யிடம் நின்றது, உள்ளூர்ச் சேவை ஏழு பிராந்தியக் கம்பெனிகளுக்குப் போயிற்று. சேவை பிரிந்தது, பில் பிரியவில்லை. வீடுதோறும் தனியாகப் பில் அனுப்பி வசூலிப்பது செலவு பிடிக்கும் காரியமாதலால், நெடுந்தூரக் கம்பெனிகள் அந்த வேலையை உள்ளூர்க் கம்பெனிகளிடமே கூலிக்கு ஒப்படைத்தன. உள்ளூர்க் கம்பெனியோ பல சமயங்களில் அந்தப் பாக்கிகளையே விலைக்கு வாங்கிக்கொண்டு, அவற்றை வசூலிக்கத் தன் கையிலிருந்த மிகக் கூரிய ஆயுதமான டயல் டோனைப் பிரயோகித்தது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. எஃப்.சி.சி. என்று வழங்கும் கூட்டரசுத் தகவல் தொடர்புக் கமிஷன் 1986இல், பிறருக்காகப் பில் அனுப்பி வசூல் செய்து தரும் இந்த வேலை டெலிபோன் சேவையைச் சேர்ந்ததன்று, அது வேறு வகை வியாபாரம், ஆகவே அதற்குக் கட்டண விதிகள் வகுக்கத் தேவையில்லை என்று தீர்மானித்தது. அப்படியே இருக்கட்டும். டெலிபோன் சேவையைச் சேராத ஒரு வியாபாரத்தின் பாக்கிக்கு டெலிபோன் சேவையைத் தண்டனைக் கருவியாக்கும் பாத்தியதை மட்டும் எங்கிருந்து வந்தது? லாபத்தை வாங்கிக்கொள்ளும்போது அது வேறு வியாபாரம், நஷ்டம் வரும்போது அது டெலிபோன் பாக்கி என்று சொல்வதை எந்த நியாய ஸ்தலமும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாகாது.

விளைவு என்னவாயிற்று? பெல் குடும்பம் பிரிவதற்குச் சற்று முன், 1983 நவம்பரில், அமெரிக்க வீடுகளில் 91.4 சதவீதத்தில் டெலிபோன் இருந்தது; 1990களின் நடுவில் அது ஏறக்குறைய 94 சதவீதமாயிற்று. மேலோட்டமாகப் பார்த்தால் திருப்தி தரும் கணக்குத்தான். ஆனால் எஞ்சிய 6 சதவீதம் என்பது ஏறத்தாழ 60 லட்சம் வீடுகள். கறுப்பினத்தார், ஸ்பானிய மொழி பேசுவோர் ஆகியோரின் வீடுகளில் ஏறத்தாழ ஏழில் ஒன்றில் டெலிபோன் இல்லை. இவர்கள் மாதச் சந்தா கட்ட வழியில்லாதவர்கள், ஆகவே சந்தாவைக் குறைத்தால் போதும் என்பதே அதிகாரிகளின் நெடுநாள் நம்பிக்கை. 1985இல் தொடங்கிய லைஃப்லைன் என்னும் சந்தா உதவித் திட்டமும், 1987இல் வந்த இணைப்புக் கட்டண உதவித் திட்டமும் அந்த நம்பிக்கையில் எழுந்தவையே.

நியூ ஜெர்ஸி மாநிலத்தில், டெலவேர் நதியின் ஒரு கரையில், எதிர்க்கரையிலுள்ள பிலடெல்பியாவைப் பார்த்தபடி கேம்டன் என்ற மிகவும் வறிய நகரம் இருக்கிறது. மில்டன் முல்லர், ஹோர்ஹே ஷெமெண்ட் என்ற இரண்டு அறிஞர்கள் அந்நகரத்தின் நிலையை நேரில் ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட முடிவு, அந்த நம்பிக்கையின் பிடரியைப் பிடித்து உலுக்கியது. ஜனங்கள் டெலிபோனை இழப்பதற்கு முக்கிய காரணம் மாதச் சந்தா அன்று. நெடுந்தூர அழைப்பும், பேசியதற்கேற்ப ஏறும் பிற கட்டணங்களும் திரண்டு, ஒரு மாதம் கைமீறிப் போய், இணைப்பு அறுந்துவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். டெலிபோனே வேண்டாமென்று ஒதுங்கி நின்ற ஜனங்கள் அல்லர் அவர்கள். ஒரு காலத்தில் டெலிபோன் வைத்திருந்து, உறவினரோடும் பிள்ளைகளோடும் பேசி, அந்தப் பேச்சின் விலைக்காக வெளியே தள்ளப்பட்டவர்கள். ஊர்விட்டு ஊர் பிழைக்கப் போன குடும்பங்களில் நெடுந்தூர அழைப்பு என்பது ஆடம்பரமன்று என்பதை, கடல் கடந்து பிள்ளைகளை அனுப்பிவிட்டு மணியோசைக்காகக் காத்திருந்து பழகிய நம்மவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அதே நதியின் எதிர்க்கரையில் இருக்கும் பென்சில்வேனியா மாநிலம் 1980களின் நடுவிலேயே ஒரு நல்ல வழியைக் கண்டிருந்தது. அந்த மாநிலத்துப் பொதுப் பயன்பாட்டுக் கமிஷன், வீட்டு டெலிபோன் சேவைக்கென்று தனியாக இயற்றிய விதித்தொகுப்பு அதன் சட்டப் புத்தகத்தில் 64ஆம் அத்தியாயம் என்று வழங்குகிறது. அதன் சாராம்சம் ஒரே வாக்கியத்தில் அடங்கும்: அடிப்படை உள்ளூர்ச் சேவை, நெடுந்தூரச் சேவை, அடிப்படையல்லாத பிற வசதிகள் ஆகிய மூன்றையும் பில்லில் தனித்தனிக் கணக்காகக் காட்ட வேண்டும்; மற்ற இரண்டின் பாக்கிக்காக அடிப்படைச் சேவையை நிறுத்தலாகாது. நெடுந்தூரக் கட்டணம் கட்டாதவனுக்கு நெடுந்தூரச் சேவை நிற்கட்டும். அவன் பக்கத்துத் தெரு டாக்டரையும், பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தையும், தீயணைப்பு நிலையத்தையும் அழைக்கும் வழி அவன் கட்டிய சந்தாவுக்கு உரியதாக நிலைத்திருக்கட்டும். சேவையை நிறுத்துமுன் எழுத்து மூலமாக அறிவிப்புத் தர வேண்டும். தகராறு இருந்தால் கேட்க வேண்டும். பாக்கியைத் தவணையாகக் கட்ட உடன்பாடு செய்துகொள்ள இடம் தர வேண்டும். வீட்டில் கடும் நோயாளி இருப்பதாக மருத்துவர் சான்று தந்தால் நிறுத்தத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்றெல்லாம் அந்த அத்தியாயம் விரித்துரைத்தது. பிற்காலத்தில் உள்ளூர், நெடுந்தூரம், பிற வசதிகள் யாவற்றையும் ஒரே விலையில் மூட்டையாகக் கட்டி விற்கும் வழக்கம் வந்தபோது, மூட்டையின் விலையைக் கட்டத் தவறியவரை வெளியே தள்ளிவிடாமல் அடிப்படைச் சேவைக்கு மாற்றிவைக்க வேண்டும் என்ற ஏற்பாடும் அங்கே செய்யப்பட்டது. அந்த மாநிலத்தில் டெலிபோன் உள்ள வீடுகளின் விகிதம் 97 சதவீதத்தை ஒட்டி, நாட்டிலேயே முன்வரிசையில் நின்றது. இதற்கு இந்த விதி ஒன்றே காரணம் என்று சாதிக்க நான் முன்வரவில்லை. ஆனால் கம்பெனிகள் அச்சுறுத்திய சர்வநாசம் எதுவும் அங்கே நிகழவில்லை என்பதைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

கம்பெனிகளின் ஆட்சேபணையையும் அலட்சியம் செய்துவிடலாகாது. இந்தப் பயம் இல்லையென்றால் பலர் நெடுந்தூரக் கட்டணத்தைக் கட்டவே மாட்டார்கள், வராக்கடன் பெருகும், அந்தப் பாரம் ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் தலையில் விழும் என்பது அவர்களுடைய வாதம். சிலர் அப்படிச் செய்வார்கள் என்பது மெய்தான். ஆனால் பழைய காலத்து ஸ்விட்சுகள் போய் எலெக்ட்ரானிக் ஸ்விட்சுகள் வந்த பிறகு, ஒரு வீட்டு லைனில் நெடுந்தூர அழைப்பை மட்டும் தடுத்துவைப்பதும், உள்ளூர் அழைப்பை விட்டுவைப்பதும் எளிதாகிவிட்டது. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு கட்டுவதும் இயலும். கடனுக்குச் சரக்கு விற்கிற எந்த வியாபாரியும் கடன் வாங்குபவனின் யோக்கியதையை விசாரித்து விற்கிறான், தவறினால் வழக்குத் தொடர்கிறான், அதிலும் தவறினால் நஷ்டத்தை ஏற்கிறான்; நெடுந்தூரக் கம்பெனிகளுக்கு மட்டும் இந்தப் பொது தர்மத்திலிருந்து விலக்கு ஏன் என்பதற்குத் திருப்தியான சமாதானம் எதுவும் நான் கண்டதில்லை. அன்றியும், இணைப்பை இழந்தவர்களைக் குறிவைத்து அதே 1990களில் புதியதொரு வியாபாரம் முளைத்தது: அடகுக்கடைகளிலும் சம்பளச் செக்கைக் காசாக்கித் தரும் கடைகளிலும், முன்பணம் கட்டிப் பெறும் உள்ளூர் டெலிபோன் சேவை, வழக்கமான சந்தாவைப் போல் இருமடங்குக்கும் மேலான விலைக்கு விற்கப்பட்டது. கடனைக் கட்ட முடியாதவனுக்கு மலிவுச் சேவையை மறுத்து, அதே கம்பியை அதிக விலைக்கு விற்கும் கடைக்கு அவனை அனுப்பிவைத்ததுதான் இந்தக் கண்டிப்பின் பலன்.

கூட்டரசு அளவில் முதலில் கிடைத்த பாதுகாப்பு 900 எண்கள் விஷயத்தில். 1992இல் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம், அத்தகைய அழைப்புகளின் கட்டணத்தைக் கட்டாததற்காக உள்ளூர்ச் சேவையையோ நெடுந்தூரச் சேவையையோ துண்டிக்கலாகாது என்று திட்டமாகத் தடை செய்தது. பிறகு 1997இல் எஃப்.சி.சி. ஓர் அடி முன்னே வைத்தது: லைஃப்லைன் உதவி பெறும் ஏழை வீடுகளின் உள்ளூர்ச் சேவையை, நெடுந்தூரப் பாக்கிக்காகத் துண்டிக்கலாகாது என்று விதி செய்தது. நாடு முழுவதற்குமான அந்த விதிக்கு ஆயுள் இரண்டே ஆண்டுகள். 1999 ஜூலையில் ஐந்தாவது வட்டார அப்பீல் கோர்ட் அதை ரத்துச் செய்தது. விதி கொடியது என்றோ, ஏழைக்குப் பாதுகாப்புத் தேவையில்லை என்றோ கோர்ட் சொல்லவில்லை. 1934ஆம் வருஷத்துச் சட்டம் மாநிலத்துக்குள் நடக்கும் சேவையை மாநிலங்களின் பொறுப்பில் விட்டிருக்கிறது, உள்ளூர் இணைப்பைத் துண்டிப்பதும் துண்டிக்காததும் அதில் அடங்கும், ஆகவே கூட்டரசுக் கமிஷனுக்கு அதில் அதிகாரமில்லை என்றது. அதே 1999இல் எஃப்.சி.சி. வகுத்த உண்மைப் பில் விதிகள், எந்தக் கட்டணம் பாக்கியானால் அடிப்படைச் சேவை போகும், எது பாக்கியானால் போகாது என்று பில்லிலேயே பிரித்துக் காட்ட வேண்டும் என்றன. துண்டிப்பதைத் தடுக்க முடியாத கமிஷன், எதற்காகத் துண்டிப்பார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமையையாவது ஜனங்களுக்குக் கொடுத்தது.

பில்லில் ஏறிய கட்டணங்களிலேயே மிகக் கொடியது சிறைச்சாலை அழைப்பு. சிறையிலிருக்கும் மகனோ பேரனோ வீட்டுக்குப் பேச வேண்டுமானால், அழைக்கப்பட்டவரே பணம் கொடுக்கும் கலெக்ட் கால் முறையில்தான் நெடுங்காலம் பேச முடிந்தது. எந்தக் கம்பெனி வழியாகப் பேசுவது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பேசுகிறவருக்கும் இல்லை, பணம் கொடுப்பவருக்கும் இல்லை. சிறை நிர்வாகம் தேர்ந்தெடுக்கும், வருவாயில் ஒரு பங்கைக் கமிஷனாகவும் பெற்றுக்கொள்ளும். 15 நிமிஷப் பேச்சுக்கு 17 டாலர் வரை கட்டணம் போன இடங்களும் உண்டு. வாஷிங்டன் நகரத்தில் மார்த்தா ரைட் என்ற கண்பார்வையற்ற மூதாட்டி ஒருவர் இருந்தார், முன்னாள் நர்ஸ். அவருடைய பேரன் தொலைதூர மாநிலங்களின் சிறைகளில் மாறிமாறி வைக்கப்பட்டிருந்தான். கடிதம் எழுதினால் படிக்கக் கண்ணில்லை. போய்ப் பார்க்க வசதியில்லை. டெலிபோன் ஒன்றே அவர்களுக்கிடையே மிஞ்சிய பாலம். 2000இல் அவரும் அவரைப் போன்ற குடும்பத்தாரும் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட் அவர்களை எஃப்.சி.சி.யிடம் அனுப்பியது, 2003இல் அங்கே மனுச் செய்தார்கள், பத்தாண்டு கழித்து, 2013இல், மாநிலம் விட்டு மாநிலம் பேசும் சிறை அழைப்புக்கு நிமிஷத்துக்கு முன்பண முறையில் 21 சென்ட், கலெக்ட் கால் முறையில் 25 சென்ட் என்று எஃப்.சி.சி. உச்சவரம்பு கட்டியது. 2015இல் அந்த அம்மையார் காலமானார். மாநிலத்துக்குள் பேசும் அழைப்புகளுக்கும் வரம்பு கட்ட அதிகாரம் தரும் சட்டம் 2023 ஜனவரியில் அவர் பெயராலேயே கையெழுத்தாயிற்று. உறவை விட்டுவிடாதே என்று உபதேசிக்கும் ஒரு சமூகம், உறவைப் பேணியதற்காக ஏறிய கடனுக்கு ஒரு வீட்டின் டெலிபோனையே பறிக்க இடங்கொடுக்குமாயின், அந்தச் சமூகத்தின் உபதேசத்துக்கு யார் செவிசாய்ப்பார்கள்?

பேசவே பேசாத பேச்சுக்கும், கேட்கவே கேட்காத சேவைக்கும் பில்லில் கட்டணம் ஏற்றிய கதை மற்றொன்று. 2011இல் செனட் சபைக் கமிட்டி ஒன்று விசாரித்து, மூன்றாந்தரப்பு வியாபாரிகள் வீட்டு டெலிபோன் பில்கள் மூலம் ஆண்டுக்கு 200 கோடி டாலருக்கும் மேல் வசூலித்து வந்ததாகவும், அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியதென்றும் அறிக்கை வெளியிட்டது. மறு ஆண்டே பெரிய கம்பெனிகள் இத்தகைய வசூலைப் பெரும்பாலும் கைவிட்டன. எந்தப் பாக்கிக்காக லைன் போகும், எதற்காகப் போகாது என்பதை அறியாத ஜனங்கள், டெலிபோன் போய்விடுமோ என்ற பயத்தில், தாங்கள் செய்யாத கடனையும் வாய்மூடிக் கட்டிவந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

இணைப்பு அறுந்த வீட்டிலும் 911 மட்டும் இயங்கட்டும் என்று சில மாநிலங்கள் ஏற்பாடு செய்தன. பணம் கட்டாததற்காக 911 வசதியை நிறுத்தலாகாது என்று கலிபோர்னியா சட்டமே இயற்றியிருக்கிறது. நல்ல காரியந்தான். ஆனால் இதையே போதுமான பாதுகாப்பென்று சொல்வாரும் உளர், அது சரியன்று. வேலைக்கு மனுப் போட்டவனை முதலாளி திரும்ப அழைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஆசிரியர் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து பரிசோதனை முடிவு வர வேண்டும். ஒரே ஓர் எண்ணுக்குப் போகும் கம்பி இவற்றில் எதற்கும் உதவாது. சந்தா இல்லாத செல்போனிலிருந்தும் 911ஐ அழைக்கலாம் என்பது அமெரிக்க விதி. ஆனால் பேச்சு பாதியில் அறுந்தால், அவசர உதவி நிலையத்தார் அந்த எண்ணைத் திரும்ப அழைக்க வழியில்லை.

இவையெல்லாம் கம்பி டெலிபோன் காலத்துக் கதை, இப்போது எதற்கு என்று கேட்கலாம். இன்று அமெரிக்காவில் வயது வந்தோரில் பத்தில் ஏழு பேருக்கு மேல் செல்போன் மட்டுமே உள்ள வீடுகளில் வாழ்கிறார்கள். கம்பி போயிற்று, ஆனால் கட்டுமூட்டை பெருத்துவிட்டது. செல்போன் பில்லில் பேச்சுச் சேவை, இணையச் சேவை, மாதத் தவணையில் வாங்கிய கருவியின் விலை, கருவிக்கு இன்ஷூரன்ஸ், சினிமாச் சந்தா என்று பற்பல சரக்குகள் ஒரே கூட்டுத்தொகையில் அடைந்து கிடக்கின்றன. எது பாக்கியானாலும் நிற்பது பேச்சு. பழைய பில்லில் இருந்த அநியாயம் புதிய பில்லில் இன்னும் பெரிதாகியிருக்க, அதைத் தடுக்க வந்த பழைய விதிகளோ கம்பி டெலிபோனோடு சேர்ந்து சுருங்கிக்கொண்டிருக்கின்றன. பென்சில்வேனியாவிலேயே 2015இல், போட்டி மிகுந்தவை என்று அறிவிக்கப்பட்ட பல வட்டாரங்களில் வெரிஸான் கம்பெனிக்குச் சில விதிகளிலிருந்து விலக்குத் தரப்பட்டது. போட்டி இருக்கும் இடத்தில் பாதுகாப்பு வேண்டியதில்லை என்பது இக்காலத்துச் சித்தாந்தம். பாக்கி வைத்தவனைக் கவர்ந்து இழுக்க எந்தக் கம்பெனியும் போட்டி போடுவதில்லை என்பதைச் சித்தாந்திகள் கவனிக்க மறந்தார்கள்.

2020 மார்ச் 13 அன்று, கொரோனாத் தொற்று நாட்டை முடக்கிய நேரத்தில், எஃப்.சி.சி. தலைவர் அஜித் பை கம்பெனிகளை ஒரு வாக்குறுதி கேட்டார். தொற்றினால் வந்த கஷ்டத்தால் பணம் கட்ட முடியாத வீடுகளின் இணைப்பை 60 நாள் துண்டிப்பதில்லை என்று நூற்றுக்கணக்கான கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. பிறகு அது ஜூன் 30 வரை நீட்டிக்கப்பட்டது. அத்தனை நாள் இயலாதென்று வாதித்துவந்த காரியம் ஒரே நாளில் இயன்றுவிட்டது. ஆனால் அது விதியன்று, விருப்பத்தின்பேரில் தந்த வாக்கு. ஜூன் 30 கழிந்ததும் அதுவும் கழிந்தது. இணையக் கட்டணத்துக்கு மாதம் 30 டாலர் வரை உதவிய திட்டம் 2.3 கோடி வீடுகளுக்குப் பயன்பட்டு, நிதி தீர்ந்ததால் 2024 ஜூன் 1 அன்று முடிந்தது. எஞ்சியிருக்கும் லைஃப்லைன் உதவியோ மாதத்துக்கு 9.25 டாலர், பேச்சுச் சேவைக்கு மட்டுமானால் 5.25 டாலர். உதவித் தொகை வரும், போகும். வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியை அடித்தால் அது மறைந்துவிடும். பாக்கியை எதற்கு எதிராக வரவு வைப்பது, எதை அறுப்பது, எதை அறுக்காமல் விடுவது என்ற விதிக்குச் சர்க்கார் கஜானாவிலிருந்து ஒரு காசும் வேண்டியதில்லை.

அந்த விதியைச் செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 1999ஆம் வருஷத்துத் தீர்ப்பு உள்ளூர் இணைப்பின் பொறுப்பை மாநிலங்களிடமே விட்டது. செல்போன் விஷயத்தில், 1993இல் காங்கிரஸ் செய்த திருத்தம் மாநிலங்கள் கட்டணத்தை நிர்ணயிப்பதையும் கம்பெனிகள் நுழைவதைத் தடுப்பதையும் விலக்கிற்றேயன்றி, சேவையின் பிற நிபந்தனைகளை ஒழுங்கு செய்யும் அதிகாரத்தை அவற்றிடமிருந்து பறிக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு மாநிலக் கமிஷனும், கம்பியாயினும் செல்போனாயினும், வருகிற பணத்தை முதலில் அடிப்படைப் பேச்சுச் சேவைக்கு வரவு வைக்கவும், கருவித் தவணைக்காகவும் பிற சரக்குகளுக்காகவும் அந்தச் சேவையை நிறுத்தாதிருக்கவும், மூட்டை விலையைக் கட்ட முடியாதவரை மலிவான அடிப்படைச் சேவைக்கு மாற்றிவைக்கவும் உத்தரவிட வேண்டும். உத்தரவின் வாசகத்தைப் புதிதாக யோசிக்க வேண்டிய சிரமமும் அவர்களுக்கில்லை. பென்சில்வேனியாவின் 64ஆம் அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.